குளத்துத் துணிக் கம்பெனி

என் தம்பி செம்பியன் ஒரு கம்பெனிக்கு முதலாளி. இதை நான் சொல்லவில்லை, அவன் படித்த இன்ஜினியரிங் காலேஜ் சொல்கிறது. காலேஜ் ஸ்டாப்பில் இறங்கினால் முதலில் கண்ணில் படுகிற ஃப்ளெக்ஸில், கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானே, அவன்தான். கோட்டு காலேஜுடையது. படம் எடுத்து முடித்ததும் கழற்றி வாங்கி அடுத்தவனுக்கு மாட்டிவிட்டார்கள்.

நான் அவனுடைய அக்கா கவியா. காரைக்காலில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். அப்பாவும் வாய் திறக்க மாட்டார், அம்மாவும் திறக்க மாட்டாள், தம்பி அதற்கு மேல். ஒரு வீட்டில் ஒருத்திக்காவது வாய் இருக்க வேண்டாமா?

அப்பா முத்தையன் கூலி வேலை பார்த்தவர். இப்போது இரண்டு கிட்னியும் போய், ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்து சுத்தம் செய்துதான் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா குஞ்சம்மா நடவுக்கும் களைக்கும் போகிறாள். அப்பாவுக்கு ஆசை என்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். செம்பியனுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைக்க வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும், அதைத் தான் கண்ணை மூடுவதற்குள் காதால் கேட்டுவிட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் கேட்கிற ஒரே கேள்வி, "காலேஜுக்குக் கம்பெனிக்காரங்க எப்பம்மா வர்றாங்க?" என்பதுதான். கையில் ஊசி குத்தும்போதும் அதையே கேட்பார்.

காலேஜின் தாளாளர் சோமசேகரன். எங்கள் பக்கத்துப் பெரிய மிராசு. காலேஜ் நிற்கிற இடம் அவருடைய நஞ்சை. அப்பா அதில் நாற்றுப் பறித்திருக்கிறார், கட்டடம் எழும்பியபோது அதே இடத்தில் மண்ணும் சுமந்திருக்கிறார். அதனால் அப்பாவுக்கு அது காலேஜ் இல்லை, "ஐயா காலேஜ்". ஐயா காலேஜில் சீட்டுக் கிடைத்ததே போன ஜன்மத்துப் புண்ணியம் என்று இருந்தார். ஃபீஸ் கட்டித்தான் சேர்ந்தோம், சும்மா இல்லை என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

செம்பியன் மூன்றாம் வருஷம் போனபோது சிவக்குமார் சார் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர்க்காரர். பேச்சில் தேன் ஒழுகும். காலேஜில் வேலைவாய்ப்புப் பிரிவுக்கும் அவர்தான் தலைவர், புதிதாகத் தொடங்கிய தொழில்முனைவோர் மையத்துக்கும் அவர்தான் தலைவர். மையம் என்றால் ஒரு ஏசி ரூம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை மூட்டையான நாற்காலிகள். சுவர் முழுக்க, "வேலை தேடாதே, வேலை கொடு." எனக்கு அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வேலை கொடுக்கிறவன் பிள்ளை இந்தக் காலேஜுக்கு எதற்கு வரப் போகிறான்? வேலை தேடுகிறவன் பிள்ளைதானே வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சிவக்குமார் சார் பிள்ளைகளை "வாங்க ஃபவுண்டர்" என்று கூப்பிடுவார். என் தம்பியை அதுவரைக்கும் யாரும் வாங்க என்று கூப்பிட்டது கிடையாது. பள்ளிக்கூடத்தில் "டேய்", வயல்காட்டில் "முத்தையன் மவனே". பெரிய படிப்புப் படித்த ஒருத்தர், ஏசி ரூமில் எதிரே நாற்காலியைக் காட்டி, உட்காருங்க ஃபவுண்டர் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் தலை சுற்றாது? அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள், அதிலிருந்து ஒரு தொழிலை எடுப்போம் என்று சார் வகுப்பில் கேட்டிருக்கிறார். ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். இவன் நளன் குளத்துத் துணியைச் சொன்னான்.

திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் சனி தோஷம் கழிய நல்லெண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுகுவார்கள். முழுகி எழுந்ததும் உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, புதுசு உடுத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கோயிலுக்குப் போவார்கள். சனிக்கிழமை என்றால் வேட்டியும் சேலையும் சுடிதாரும் ஈரத்தோடு மலைமலையாய்க் கிடக்கும். அள்ளுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். எங்கே போகிறது என்று உள்ளூரில் ஒருவரும் கேட்க மாட்டோம். அந்தத் துணியைக் காலால்கூட மிதிக்கக் கூடாது என்றுதான் சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அடுத்தவன் விட்ட சனியை நாம் எதற்கு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வர வேண்டும்?

சிவக்குமார் சார் துள்ளிக் குதித்துவிட்டாராம். கழிவிலிருந்து காசு, சுற்றுச்சூழல், மூடநம்பிக்கை ஒழிப்பு, எல்லாம் ஒரே கல்லில். துணியைக் கொதிக்க வைத்து, சாயம் ஏற்றி, பையாகத் தைத்து விற்கலாம் என்று திட்டம் போட்டார்கள். கம்பெனிக்கு நளா பேக்ஸ் என்று பெயர். காரைக்கால் டவுனில் இருக்கிற வகுப்புத் தோழன் இஃபாத்தும் சேர்ந்துகொண்டான். அவன் அம்மா ஹஃபீஸா வீட்டிலேயே தையல் போடுகிறவர். எங்களுக்கு சனியாவது ஞாயிறாவது, கொண்டு வாங்கப்பா தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். பை நன்றாகவே வந்தது. அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை வைத்து, பட்டுத் துணி மாதிரி. அழகாக இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

சார் அதோடு விடவில்லை. இந்தக் காலத்தில் யாரும் பொருளை வாங்குவதில்லை, பொருளுக்குப் பின்னால் இருக்கிற கதையைத்தான் வாங்குகிறார்கள் என்று பாடம் நடத்தினார். ஒவ்வொரு பையிலும் ஒரு சின்னச் சதுர க்யூஆர் கோடு அச்சடித்த துணி லேபிள் தைக்கச் சொன்னார். போனைக் காட்டினால் வீடியோ ஓடும். அதில் செம்பியன் குளத்தங்கரையில் நின்று, இது எங்கிருந்து வந்த துணி என்று பேசுவான். இஃபாத்துதான் படம் எடுத்தான்.

அம்மா ஒரு பையைக்கூட வாசலுக்கு இந்தப் பக்கம் எடுத்துவர விடவில்லை. அப்பா படுத்துக் கிடக்கிற வீடு, எதற்கு வம்பு என்றாள். நான் சனிக்குப் பயப்படவில்லை, சிவக்குமார் சாருக்குத்தான் பயப்பட்டேன். "யாருடா வாங்குவா இத? ஒன்னப் பெத்தவளே தொட மாட்டேங்குறா" என்று கேட்டேன். வெளியூர்க்காரர்கள் வாங்குவார்கள், ஆன்லைனில் போகும் என்றான். திருநள்ளாற்றுக்கு வருகிறவன் பூராவும் வெளியூர்க்காரன்தானேடா, குளத்தில் துணியை விட்டதே அவன்தானே, அவனா திரும்ப வாங்குவான் என்று கேட்டேன். நீ எதற்கெடுத்தாலும் குறுக்கே நிற்கிறாய் அக்கா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

கடைசி வருஷத் தொடக்கத்தில் காலேஜில் பெரிய விழா. மாணவர் தொழில்களுக்குப் பரிசு. அப்பாவையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். நடக்க முடியாத மனுஷரை ஆட்டோவில் வைத்துக் கூட்டிப் போனோம். செம்பியனுக்கு முதல் பரிசு. சோமசேகரனே சால்வை போர்த்தினார். மைக்கைப் பிடித்து, பழைய நம்பிக்கைகளை உடைத்துக் கிளம்புகிற இந்த மாதிரிப் பிள்ளைகள்தான் நாளைய காரைக்கால் என்று பேசினார். கூட்டம் கைதட்டிக் கட்டடமே அதிர்ந்தது. அப்பா ஊசி போட்ட கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார், கும்பிடுகிற கையை இறக்கவே இல்லை. எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

அந்த விழாவில்தான் இன்னொன்றும் தெரிந்தது. சிவக்குமார் சார் மேடையில் பெருமையாக அறிவித்தார்: செம்பியன் கேம்பஸ் இன்டர்வியூவே வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இவர்தான் உண்மையான தொழில்முனைவோர் என்று. அதற்கும் கைதட்டினார்கள். அப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் கலந்த பேச்சு புரியவில்லை. பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, வேலையைப் பற்றி ஏதோ சொல்றாருல்ல என்று சந்தோஷமாகக் கேட்டார். ஆமாம்ப்பா என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவனைப் பிடி பிடி என்று பிடித்தேன். யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாய் என்றேன். முதலாளி இன்டர்வியூவுக்குப் போய் நிற்பானா, கப்பலைக் கொளுத்தினவன்தான் கரையைப் பிடிப்பான் என்று சார் சொன்னாராம். கொளுத்துகிறவருக்குக் கப்பல் இரண்டு இருக்கும்டா, நமக்கு இருக்கிறது ஒரு கட்டுமரம் என்று கத்தினேன். இஃபாத் போட்டானா என்று கேட்டேன். அவன் வாப்பா விடவில்லை, அவன் போடவில்லை என்றான். என் தம்பியின் தகப்பனுக்குத் தடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகுதான் சோமசேகரன் வீட்டுக் கல்யாணம் வந்தது. அவர் மகள் இளவேனிலுக்கு. மாப்பிள்ளை வீடு கும்பகோணம். காரைக்காலில் பெரிய மண்டபம். வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்க நம்ம மாணவர்கள் தைத்த பையையே வாங்கிக்கொள்ளலாமே என்று சிவக்குமார் சார் யோசனை சொல்லியிருக்கிறார். தாளாளரிடம் நல்ல பெயர் வாங்க ஒரு வழி. சோமசேகரனும், நம்ம பசங்க செஞ்சதுன்னா பேஷா குடுக்கலாமே என்று தலையை ஆட்டிவிட்டார். பையைக் கையில் வாங்கிப் பார்த்து, நல்லாருக்கே என்றாராம்.

செம்பியன் தலைகால் புரியாமல் வந்து நின்றான். அம்மாதான் முதலில் கேட்டாள். "அவுங்களுக்குத் தெரியுமாய்யா, இது என்ன துணின்னு?" சால்வை போட்டுப் பரிசு கொடுத்தவரே அவர்தானம்மா, மேடையில் அவ்வளவு பேசினாரே என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்யாண வீட்டுத் தாம்பூலம்டா, நேராகப் போய் ஐயாவிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றேன். அவன் மறுநாள் சிவக்குமார் சாரிடம் கேட்டான். தாளாளருக்கு எல்லாம் தெரியும், நீங்க பொருளைக் கொடுங்க ஃபவுண்டர் என்று சொல்லி அனுப்பிவிட்டார். லேபிளை மட்டுமாவது எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். கதை இல்லாமல் பையா என்று சிரித்தாராம்.

நாங்கள் எல்லாரும் அங்கேதான் தவறினோம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. செம்பியன் நம்பினான், அவ்வளவுதான். ஒருத்தர் ஊர் கூட்டி மைக்கில் சொன்னால் அது அவர் மனசில் இருப்பது என்று நம்பினான். ஊருக்கு உபதேசம் என்று ஒரு பழமொழி இருப்பது அவனுக்கும் தெரியும். தனக்குப் போட்ட சால்வைக்கும் அது பொருந்தும் என்று மட்டும் தெரியவில்லை.

கல்யாணத்தன்று நானும் போயிருந்தேன். தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மேசை போட்டு, வெள்ளைச் சட்டையில் செம்பியன் நின்று, ஒவ்வொருவர் கையிலும் பையைக் கொடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். பை ரொம்ப நல்லாருக்கே, எங்கே வாங்கியது என்று பெண்கள் கேட்டார்கள். அவன் கூச்சத்தோடு சிரித்தான்.

மாப்பிள்ளையின் அண்ணி கார் வருவதற்காக வாசலில் காத்திருந்தாள். சும்மா நிற்கிறோமே என்று போனை எடுத்து பையின் லேபிளில் இருந்த க்யூஆர் கோட்டில் காட்டினாள். என் தம்பியின் குரல் வெளியே வந்தது. வணக்கம், நான் செம்பியன், உங்க கையில இருக்குற பைக்கு ஒரு கதை இருக்கு என்று தொடங்கியது. சுற்றி நின்றவர்களும் ஆசையாய் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நளன் குளம் தெரிந்தது. சனி தோஷம் கழியணும்னு மக்கள் முழுகிட்டு விட்டுட்டுப் போன துணிலேருந்துதான் இந்தப் பை உருவாச்சு என்று குரல் சொன்னதும் அவள் போனையும் பையையும் சேர்த்துக் கீழே போட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? யாரும் சத்தம் போடவில்லை, அதுதான் கொடுமை. ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். காரில் ஏறியவர்கள் இறங்கிவந்து பையை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் தேங்காயை மட்டும் வெளியே எடுத்தார், பிறகு யோசித்து அதையும் மேலேயே வைத்துவிட்டார். பெண்கள் கைகழுவுகிற இடத்துக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டப வாசலில் அரக்கு நிறப் பைகள் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளையின் தாயார் உள்ளே போய், மருமகள் மடியில் இருந்த பையை ஒரு விரலால் தள்ளிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். இளவேனில் அழவும் முடியாமல் மாலையோடு நின்றாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்தது?

சோமசேகரன் வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் செம்பியன் இரண்டு கையிலும் பையோடு நின்றான்.

"என்ன துணிடா இது?"

"ஐயா, நீங்கதான் இதுக்குப் பரிசு குடுத்தீங்க."

"நான் நூறு பேருக்குக் குடுப்பேன்டா. ஒவ்வொண்ணும் என்ன எழவுன்னு கேட்டுக்கிட்டா குடுக்க முடியும்?"

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு மேடையில் பேசினது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்தது. என் தம்பி என்ன செய்தான் என்று அவர் கேட்கவே இல்லை. கைதட்டினவர்களும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரில் அதை முழுசாகக் கேட்டவர் எங்கள் அப்பா ஒருவர்தான், அவருக்கும் புரியவில்லை.

சோமசேகரனின் மைத்துனர் ஒருவர் முன்னால் வந்து செம்பியனைக் கன்னத்தில் அறைந்தார். "முத்தையன் மவன்தான இவன்? வேணும்னே பண்ணிருக்கான். இவனுவளப் படிக்க வச்சா இப்புடித்தான்" என்றார். சுற்றி நின்ற யாரும் இல்லை என்று சொல்லவில்லை. நான் பாய்ந்து போய்ச் சண்டை போட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். சிவக்குமார் சாரைக் காட்டி, இவரைக் கேளுங்கள், இவர் சொல்லித்தான் கொடுத்தான் என்றேன். சார் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தன் கையிலிருந்த பையைச் சத்தமில்லாமல் கீழே இறக்கி வைத்தார். வழிமுறையைத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன், யோசனை அந்தப் பையனுடையது என்றார். செம்பியன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். கன்னத்தைக்கூடத் தடவவில்லை.

மறுநாள் ஏசி ரூமுக்கு வேறு பூட்டு. மிச்சமிருந்த பைகளைக் காலேஜுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தினார்கள். சோமசேகரன் குடும்பத்தோடு போய் சனி பகவானுக்கு அபிஷேகம் செய்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டோம். செம்பியனை யாரும் காலேஜை விட்டு நீக்கவில்லை, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை. யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். ஊரில் மட்டும் அவன் நடந்தால் ஒதுங்கிப் போனார்கள். ஃப்ளெக்ஸை மட்டும் கழற்றவில்லை. அட்மிஷன் நேரம், எங்கள் மாணவ முதலாளிகள் என்று போட்டால்தான் பெற்றவர்கள் வருவார்கள். கல்யாண வீட்டுக்கு ஆகாத முகம் அதற்கு ஆயிற்று.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் எங்களிடம் சொல்லாமல் யாரோ ஒருவர் வண்டியில் ஏறி சோமசேகரன் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். வெயில் தாங்காத உடம்பு. மதியம் வரைக்கும் நின்றவரைத் தெரிந்த ஆட்டோக்காரர்தான் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். ஐயா வெளியே வரவில்லையாம். அப்பா அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தார். ஐயா கோபத்தில் இருக்கிறார், ஆனால் பிள்ளை வேலைக்குக் குறுக்கே நிற்க மாட்டார், அவர் அப்படிப்பட்ட மனுஷர் இல்லை என்றார். அந்த வெயிலோடு அவருக்கு உடம்பு இன்னும் இறங்கிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அதை நான் வீட்டில் அம்மாவிடம் சொல்லவில்லை, செம்பியனிடம் மட்டும் சொன்னேன்.

அந்த வாரம்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி ஆள் எடுக்க வந்தது. செம்பியன் படித்த எலெக்ட்ரிகலுக்குத்தான் அதிகம் எடுக்கிறார்கள் என்றார்கள். மார்க்கில் அவன் இஃபாத்துக்கு மேலே. எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடி அவன் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு போனேன். அவனிடம் இருந்த ஒரே நல்ல சட்டையை அம்மா அலசித் தேய்த்துக் கொடுத்திருந்தாள். அவனை வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் வேலைவாய்ப்புப் பிரிவுக்குள் போனேன். சண்டை போடக் கூடாது என்று என் நாக்கை நானே கடித்துக்கொண்டு போனேன்.

சிவக்குமார் சார் எழுந்து நின்று, உட்காருங்க என்றார். தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா நிலைமையைச் சொன்னேன். கையைக் கூப்பிச் சொன்னேன்.

"தம்பி பேரச் சேத்துக்குங்க சார். அந்தக் கம்பெனிதான் இல்லன்னு ஆயிட்டே. நீங்கதான பூட்டுனீங்க."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பூட்டுனது ரூமுங்க. கம்பெனி பதிவாகி அப்படியே இருக்குதுங்க. எங்க கணக்குல செம்பியன் பிளேஸ்டு."

"எங்க?"

"அவரோட சொந்தக் கம்பெனியிலதானுங்க."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேலி செய்யவில்லை. காலேஜில் ஒருத்தருக்கு ஒரு வேலைதான், அது விதி, வேலை கிடைத்தவர் மறுபடியும் இன்டர்வியூவில் உட்கார்ந்தால் கிடைக்காத இன்னொரு பிள்ளையின் வாய்ப்பைப் பறித்த மாதிரி ஆகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். கடைசி வருஷத்துப் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வேலையில் இருக்கிறார்கள் என்று மேலே அனுப்பியாகிவிட்டது, இப்போது ஒரு பெயரை எடுத்தால் எல்லாப் பெயரையும் தோண்டுவார்கள் என்றார். இவனைப் போல இன்னும் எத்தனை முதலாளிகள் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறார்களோ, நான் கேட்கவில்லை. கடித்து வைத்த நாக்கு அதற்கு மேல் நிற்கவில்லை. நீங்களெல்லாம் மனுஷ ஜென்மமா என்று தொடங்கி என்னென்னவோ கேட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில் மெதுவாக, "நானும் ஒரு சம்பளக்காரன்தானுங்க" என்றார்.

வெளியே வந்தேன். இன்டர்வியூவுக்கு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இஃபாத் டை கட்டிக்கொண்டு உள்ளே போனான், செம்பியனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. என்னக்கா சொன்னார் என்று செம்பியன் கேட்டான். சொன்னேன். நடந்ததை நடந்தபடியே சொன்னேன், மறைக்கத் தோன்றவில்லை. அவன் முழுசாகக் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அப்ப அப்பாகிட்ட வேலை கெடச்சிட்டுன்னு சொல்லலாம்லக்கா? பொய் இல்லல்ல. காலேஜே சொல்லுதுல்ல."

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையில் பரீட்சைக்கு முன்னால் என்னிடம் விடை சரியா என்று கேட்பானே, அந்த முகத்தோடு கேட்டான். சரிடா என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவின் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக மிஷினுக்குள் போய்க்கொண்டிருந்தது. செம்பியன் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, வேலை கெடச்சிட்டுப்பா என்றான். அப்பா கேட்காத மாதிரி பார்த்தார். இன்னொரு தரம் சொன்னான். அப்பாவின் மூஞ்சி கோணிக்கொண்டு போயிற்று. குழாய் இல்லாத கையால் அவன் தலையைத் தடவி, கன்னத்தைத் தடவி, அறை வாங்கின அந்தக் கன்னத்தையே திரும்பத் திரும்பத் தடவி அழுதார். எந்த ஊரில் வேலை என்று கேட்டார். இங்கேயேதான்ப்பா, உள்ளூர்லேயே என்றான். அப்போ தினம் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவாயா என்று கேட்டார். வந்துவிடுவேன்ப்பா என்றான்.

நர்ஸ் அன்னபூரணி ஊசியைச் சரிபார்க்க வந்தாள். அவளிடம் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். தரை துடைக்க வந்தவரைக் கூப்பிட்டுச் சொன்னார். வாயே திறக்காத மனுஷர் அன்றைக்கு அந்த வார்டு முழுக்கக் கூவிக் கூவிச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பிறகு செம்பியனின் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"நான் சொன்னேன்ல, ஐயா குறுக்க நிக்க மாட்டாருன்னு. நீ இப்பவே போய்யா. போயி அவரு கால்ல விழுந்து ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடு."

செம்பியன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "சரிப்பா" என்று எழுந்து போனான்.